தீக்களத்தில் தமிழ்

'வேண்டும்', 'வேண்டாம்' என்பன நேர் எதிரான பொருளுடைய இரு சொற்கள். ஆயின் அவற்றின் ஒலியிலே உள்ள வேற்றுமை ஓர் உயிரெழுத்து மாத்திரமே. ஒன்றில் உகரம், மற்றதில் ஆகாரம். முகம் பார்த்துப் பேசும்போது இவ்வேற்றுமை எவரையும் தடுமாற வைப்பதில்லை. சொல்பவரின் கண்ணும் கையும் மிகுதியைச் சொல்லிவிடும். புகை மண்டிய படிக்கட்டிலே, முகமூடி அணிந்த ஒருவர், இரைச்சல் மிகுந்த கைவானொலி மூலம் 'ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டாம்' என்று சொல்ல, கேட்டவர் 'போக வேண்டும்' என்று கொண்டால் என்ன ஆகும்? வகுப்பறையிலே குற்றெழுத்துக்கும் நெட்டெழுத்துக்கும் உதாரணமாக நாம் காட்டிச் செல்லும் ஒரு வேற்றுமை, அங்கே ஒரு மனிதன் வீடு திரும்புவதையும் திரும்பாமையையும் தீர்மானித்துவிடும்.

தீயணைப்புப் படையினர் களத்தில் வானொலி மூலம் பேசிக்கொள்ளும் முறையைப் பற்றி இலக்கியப் பகுதியிலே எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். அது பொறியியலாளர் கவனிக்கவேண்டிய விடயமன்றோ என்பர். கருவி பொறியியலாளருடையது என்பது மெய்யே. ஆனால் அக்கருவி சுமந்து செல்வது சொல். சொல்லைப் பற்றிப் பேசத் தமிழ் கற்றோருக்கு உரிமை உண்டு. கொழும்பு போன்ற நகரத்தில் வாழ்வோருக்கு அது கடமையுமாகும் என்பது என் எண்ணம்.

முதலில் அக்கருவியின் குணத்தை அறிந்துகொள்வோம். தொலைபேசியிலே இருவரும் ஏககாலத்தில் பேசலாம். சாதாரணமாக 'வோக்கி டோக்கி' என்று சொல்லப்படும் கைவானொலியிலே அது இயலாது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் அதே அலைவரிசையில் இன்னொருவர் பொத்தானை அழுத்தினால், வலிய ஒலி மெலிய ஒலியை விழுங்கிவிடும். அல்லது இரண்டும் மோதிக் கீச்சென்ற ஓசையாகிவிடும். அழுத்திய கணத்திலேயே பேசத் தொடங்கினால் முதலசை போய்விடும். பேசி முடிக்குமுன் விரலை எடுத்தால் ஈற்றசை போய்விடும். ஆகவேதான் உலகெங்கும் இதற்கென ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. அழுத்தியபின் ஒரு கணம் பொறுத்தல் வேண்டும். யாரை அழைக்கிறோமோ அவர் பெயர் முதலில். தன் பெயர் அடுத்து. செய்தி அதன் பின். செய்தியைக் கேட்டவர் அதனைத் திருப்பிச் சொன்ன பின்னரே அது போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். (திரைப்படங்களில் வரும் 'ஓவர் அண்ட் அவுட்' என்பது சுத்தப் பிழை. 'ஓவர்' என்றால் உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்பது. 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது என்பது. இரண்டையும் ஒருவர் ஒருங்கே சொல்வது, வாசலைத் திறந்துவைத்துக்கொண்டே பூட்டிவிட்டேன் என்பது போன்றது.)

இவ்வொழுங்கு பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரிடையே வளர்ந்தது. ஆங்கிலத்திலே விலக்குச் சொல் வினைக்கு முன்னே நிற்கும். ஆகவே அவர்கள் தொடக்கம் அறுந்துவிடுவதைப் பற்றியே அதிகம் அஞ்சுவார்கள். தமிழின் நிலை வேறு. நம் வாக்கியத்திலே வினை ஈற்றில் வரும். எதிர்மறையோ அவ்வினையின் வாலிலே தொங்கும். சிங்களமும் இதில் நமக்கு உடன்பிறப்பே. 'யன்ன' என்றால் 'போங்கள்'. 'யன்ன எபா' என்றால் 'போக வேண்டாம்'. பேசுபவர் விரலை ஒரு கணம் முந்தி எடுத்து, 'எபா' அறுந்துவிட்டால், தடுத்த கட்டளை ஏவிய கட்டளையாக மாறிவிடுகிறது. மொழிபெயர்த்த கைந்நூல்கள் இதனைச் சொல்லமாட்டா. நம் இரு மொழிகளின் இலக்கணத்தையும் அறிந்தவரே சொல்லவேண்டியது இது.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது. தீக்களத்தில் எதிர்மறையால் கட்டளையிடலாகாது. 'உள்ளே போக வேண்டாம்' என்பதற்குப் பதிலாக 'நில்' என்க. 'அங்கே இருக்காதே' என்பதற்குப் பதிலாக 'வெளியே வா' என்க. ஏவல் ஒருமை மரியாதைக் குறைவு என்று நம்மவர் கூசக்கூடும். மூத்தவரை 'நில்' என்று சொல்ல நா எழாது என்பர். முதுகிலே சுமந்து செல்லும் காற்றுக் கொள்கலன் அரைமணி நேரத்துக்கு எனக் கணக்கிடப்பட்டது. உழைத்து மூச்சு வாங்குகையில் அவ்வளவும் நில்லாது. அந்த வேளையில் 'தயவுசெய்து சற்று நில்லுங்கள்' என்ற உபசாரத்துக்கு இடமில்லை. அதுபோலவே ஆள் இருக்கிறாரா என்ற வினாவுக்கு 'உண்டு', 'இல்லை' என்ற விடைகள் மிக நல்லவை. இவ்விரண்டும் ஒலியால் ஒன்றையொன்று சிறிதும் ஒத்தவையல்ல. நம் முன்னோர் வானொலியைக் கண்டவரல்லர்; ஆயினும் வானொலிக்கு ஏற்ற சொற்களை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். தேடி எடுப்பதே நம் வேலை.

இனி, 'சரி' என்ற சொல்லைக் கவனிப்போம். கேட்டேன் என்பதற்கும் 'சரி'. உடன்படுகிறேன் என்பதற்கும் 'சரி'. இப்போதே செய்கிறேன் என்பதற்கும் 'சரி'. போதும், பேச்சை விடு என்பதற்கும் 'சரி'. இவ்வளவு வேலை செய்யும் சொல்லை நம்பி எவரும் நெருப்புக்குள் போகலாகாது. இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1977 மார்ச் 27ஆந் திகதி, கனரித் தீவுகளில் ஒன்றான தெனெரீபிலே, மூடுபனியின் நடுவே இரு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட நின்ற விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் முதலிற் சொன்ன சொல் 'ஓகே' என்பதே. அதனைத் தொடர்ந்து 'காத்திருங்கள், அழைப்பேன்' என்று அவர் சொன்னதும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையிலேதான் இருக்கிறோம்' என்று மற்ற விமானத்தினர் சொன்னதும் ஒரே கணத்தில் மோதி, விமானியின் காதில் கீச்சொலியாக விழுந்தன. தெளிவாகச் சேர்ந்தது அந்த 'ஓகே' ஒன்றே. புறப்படுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அனுமதி கொடுக்கும்போதன்றி வேறெப்போதும் உச்சரிக்கலாகாது என்ற கட்டுப்பாடும், கட்டளையைத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும் என்ற வற்புறுத்தலும் அதன்பின் விமானத் துறையிலே வலுப்பெற்றன. நம் 'சரி'யும் அந்த 'ஓகே'யும் ஒரே சாதி. ஈழத்தவராகிய நாம் சொல்லும் 'ஓம்' இன்னும் மோசம். ஓரசை, அதிலும் பாதி மூக்கொலி. இயந்திர இரைச்சலில் அது காற்றோடு போய்விடும்.

சொன்னது சேராமற் போவதற்குக் கட்டடமும் காரணமாகும். கொங்கிறீற்றும் இரும்பும் வானொலி அலையை மெலிவிக்கும். நிலவறையிலும் மின்தூக்கிக் கூட்டின் அருகிலும் அது அறவே அற்றுப்போவதும் உண்டு. நியூயோர்க்கில் 2001 செப்ரெம்பர் 11ஆந் திகதி தெற்குக் கோபுரம் காலை 9.59க்கு வீழ்ந்ததும், வடக்குக் கோபுரத்தை விட்டு வெளியேறுமாறு தீயணைப்பு வீரருக்கு வானொலியிலே கட்டளை பிறந்தது. அவர்களிற் பலரின் காதுக்கு அது எட்டவில்லை. 10.28க்கு அக்கோபுரமும் வீழ்ந்தது. அன்று மாண்ட தீயணைப்புப் படையினர் 343 பேர்.

நியூயோர்க் நமக்குத் தொலைவு என்று எண்ணவேண்டா. வெள்ளவத்தையை நினைத்துப் பாருங்கள். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலே ஓட்டுக்கூரையும் முற்றமுமாய் இருந்த வீடுகள் மறைந்து, அவ்விடங்களில் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. ஒழுங்கைகள் மட்டும் அன்றிருந்த அகலத்திலேயே இருக்கின்றன. (1983 யூலையில் வெள்ளவத்தை எரிந்தது. அது வேறு நெருப்பு. அதனை அணையாமல் விட்டதற்கு எந்த வானொலி முறையும் காரணமன்று. ஆகவே அதனை இங்கே பேசவில்லை.)

இவ்வொழுங்கைகளிற் பல எண்களையே பெயராகக் கொண்டவை. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது என்பதை இதனைப் படிப்போரிற் பெரும்பாலோர் அறிவர். 'ஐம்பத்தேழு' என்பதை அவசரத்திலே 'முப்பத்தேழு' என்றோ 'நாற்பத்தேழு' என்றோ ஒருவர் கேட்டுவிட்டால் வண்டி எங்கே போய் நிற்கும்? நம் எண்ணுப் பெயர்களைச் சற்று உச்சரித்துப் பாருங்கள். ஒன்பது, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது. எட்டுச் சொற்கள் ஒரே வாலுடன் வருகின்றன. தொண்ணூறு ஒன்றே தப்பியது. சிங்களத்திலே ஏழு 'ஹத', எட்டு 'அட', அங்கும் மயக்கமே. ஆங்கிலேயர் தம் மொழியில் ஒன்பதும் ஐந்தும் மயங்குவதைக் கண்டு, வானொலியிலே ஒன்பதை 'நைனர்' என்று நீட்டிச் சொல்லப் பழகினார்கள். நாம் செய்யவேண்டியது அதனினும் எளிது. எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொன்னாற் போதும். 'ஐந்து, ஏழு, ஐம்பத்தேழு' என்று இருமுறை சொன்னால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

மாடியை எண்ணுவதிலும் குழப்பம் உண்டு. நிலத்தோடு இருப்பதை முதலாம் மாடி எனக் கணக்கிடுவோர் சிலர். அதற்கு மேலுள்ளதை முதலாவது என்போர் பலர். 'மூன்றாம் மாடி' என்ற சொல் இவ்விருவருக்கும் இருவேறு இடங்கள். 'நிலத்துக்கு மேல் மூன்று' என்றால் மயக்கம் தீரும். பக்கத்தைக் குறிப்பதிலோ தமிழ் நம்மைச் சற்றுக் கைவிடுகிறது. 'இடம்' என்பது இடப்பக்கமும் ஆகும், வெறும் இடமும் ஆகும். ஆனால் வெள்ளவத்தை மக்களிடம் இதற்கு மருந்து முன்னரே இருக்கிறது. அவர்கள் நெடுங்காலமாகக் 'கடற்பக்கம்', 'தரைப்பக்கம்' என்றே பேசி வருகிறார்கள். கடல் எவர் திரும்பினாலும் இடம் மாறுவதில்லை. இதனினும் நல்ல திசைச் சொல்லை எந்தக் குழு கூடி ஆக்க முடியும்?

கொட்டாஞ்சேனையின் சிக்கல் வேறு வகையானது. அங்கே இடங்களுக்குப் பெயர்கள் மிகுதி. அங்கிருந்து நடந்து போகக்கூடிய செட்டியார் தெருவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது 'ஸீ ஸ்ரீற்'. சிங்களத்தில் 'ஹெட்டி வீதிய'. கடலும் செட்டியாரும் ஒரே தெருவென்பதை ஊரார் அறிவர். நேற்று வேலைக்குச் சேர்ந்த சாரதி அறிவாரா? வெள்ளவத்தையில் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையைப் பழைய குடியினர் இன்றும் 'ஹை ஸ்ரீற்' என்கின்றனர். தீயணைப்புப் படையின் தலைமையகம் இருக்கும் ரி. பி. ஜாயா மாவத்தையையே 'டார்லி வீதி' என்போர் நம்மிடையே எத்தனை பேர்! வட கொழும்பிலே தோட்ட வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்பவை. 2022 செப்ரெம்பரில் தொட்டலங்கை கஜிமாவத்தையில் மூண்ட தீ ஒரே இரவில் எத்தனையோ குடும்பங்களை வீதிக்குக் கொண்டுவந்தது. அத்தகைய இடங்களில் ஒரு பெயர் விளங்காமற் கழியும் இரண்டு நிமிடங்களுக்குள் நெருப்பு இரண்டு வீடுகளைக் கடந்துவிடும்.

இங்கேதான் மொழி உரிமை என்ற பெரிய விடயம் தலைகாட்டுகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்றது. அந்த 'உம்'மை ஏட்டிலே இருக்கிறது. கொழும்புத் தீயணைப்புப் படையின் அன்றாடப் பேச்சு மொழியோ சிங்களமே. இதைக் கேட்டதும், களத்து வானொலியிலே தமிழும் ஒலிக்கவேண்டும் என்று நம்மவரிற் சிலர் கோரக்கூடும். நான் அக்கோரிக்கைக்கு உடன்படேன். உள்ளே சென்ற ஓர் அணிக்குள் இரு மொழிகள் கலந்து ஒலித்தால், இதுவரை சொன்ன மயக்கங்கள் எல்லாம் இரட்டிக்கும். ஓர் அணிக்கு ஒரு பணிமொழி என்பது பாதுகாப்புக் கருதிய நியாயம். கொழும்பில் அது சிங்களமாக இருப்பதிலே குறை காண்பதற்கில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவுகளுக்கு அது தமிழாகவே இருக்கட்டும்.

தமிழ் தவறாது இருக்கவேண்டிய இடங்கள் வேறு இரண்டு. ஒன்று, 110 என்ற இலக்கத்தை அழைத்தால் எடுக்கும் காது. மற்றது, எரியும் வீட்டின் வாசலிலே நின்று உள்ளிருப்போரோடு பேசும் வாய்.

இலண்டனிலே 2017 யூன் 14ஆந் திகதி எரிந்த கிரென்பெல் தொடர்மாடியின் கதை இதனை நன்கு விளக்கும். இருபத்து நான்கு மாடிக் கட்டடம். முதல் அழைப்பு நள்ளிரவு கழிந்து 12.54க்கு வந்தது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை 2.47 வரை மாற்றப்படவில்லை. உள்ளிருந்தோர் தொலைபேசியில் அழைத்துத் தாம் எந்த மாடியில், எத்தனை பேர் என்று சொல்லிக்கொண்டே இருந்தனர். அச்செய்திகள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து மேல்மாடிக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. களத்திலே துண்டுக் கடுதாசிகளில் எழுதி ஆள்மூலம் அனுப்பும் நிலை ஏற்பட்டது. 72 பேர் இறந்தனர். 2019 ஒக்ரோபரில் வெளியான விசாரணை அறிக்கை இக்குறைகளை விரிவாகவே எடுத்துக் காட்டியிருக்கிறது. அங்கே குடியிருந்தோர் பல தேசத்தினர், பல மொழியினர் என்பதையும் மறத்தலாகாது.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பகலிலே இருப்போர் யார்? பெரும்பாலும் முதியோர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தனியே வாழும் தாயும் தந்தையும். அவர்களிற் பலர் கடைக்குப் போதுமான சிங்களம் அறிந்தவர். நெருப்புக்குப் போதுமான சிங்களம் அறியாதவர். நன்றாக அறிந்தவரும் பயத்திலே தாய்மொழிக்கே திரும்புவார். கதவுக்கு வெளியே நின்று ஒரு வீரர் 'எளியட்ட என்ன' என்று கூவுகிறார். வெளியே வாருங்கள் என்பது அதன் பொருள். உள்ளே புகையில் நிற்கும் தமிழ் மூதாட்டியின் காதில் விழுவது 'என்ன?' என்ற வினா. அவர் பதில் சொல்லிக்கொண்டு அங்கேயே நிற்பார். சாதாரண வேளையில் இது நகைச்சுவைத் துணுக்கு. அந்த வேளையில் அப்படியன்று.

தமிழ் அறிந்த ஒருவர் தொலைபேசியிலும் ஒருவர் வாசலிலும் இருந்து, மக்கள் சொல்வதைப் பணிமொழியில் வானொலிக்கு ஏற்றினால் இவ்விடுக்கண் தீரும். இதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிறந்து மும்மொழியும் சரளமாகப் பேசும் இளைஞர் ஏராளம். அவர்களுக்குத் தீயணைப்புப் படை ஒரு தொழிலாகத் தோன்றாமையே குறை. நம் வீடுகளிலே மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளருமே தொழில் செய்வோர் என்ற எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. படையிலே தமிழர் இல்லை என்று முறையிடும் நாம், நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அத்தொழிலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னோம்?

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லையே என்பார் ஒரு சாரார். கொட்டாஞ்சேனைக்கு அருகிலுள்ள துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை அவர்கள் சுட்டிக் காட்டுவர். மெய்தான். 2001இலே சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பலோட்டிகளுக்கென நிலையான ஆங்கிலத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. வினாவா, விடையா, எச்சரிக்கையா என்பதை முதலிற் சொல்லிவிட்டுச் செய்தியைச் சொல்லும் முறையும் அதில் உண்டு. அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் கப்பலோட்டி அத்தொடர்களைப் பயின்று தேர்ந்தவர். எரியும் வீட்டிலுள்ள குழந்தை அப்படியன்று. நாம் அங்கிருந்து கற்கவேண்டியது நிலையான தொடர் என்ற முறையை, ஆங்கிலத்தை அல்ல.

மறுபுறத்தில் தனித்தமிழ் அன்பர்கள் நிற்கிறார்கள். உயிராபத்தில் வானொலியில் மும்முறை சொல்லும் 'மேடே' என்ற குரலுக்கும் ஒரு தமிழ்ச் சொல் காணவேண்டும் என்பர். 'அபயம்' என்பார் ஒருவர். அது வடசொல் என்று அவரை இன்னொருவர் மறுப்பார். விவாதம் ஆறு கிழமைக்கு ஓடும். அந்த ஒரு சொல்லை மாத்திரம் தொடாமல் விடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். 1923இலே இலண்டனை அடுத்த குரோய்டன் விமான நிலையத்து வானொலி அதிகாரி பிரெடெரிக் மொக்பேர்ட் ஆக்கிய சொல் அது. பிரெஞ்சு மொழியில் 'எனக்கு உதவுங்கள்' என்பதன் ஒலியை ஆங்கில உச்சரிப்பிலே அமைத்தார். இருவர் மொழியும் கலந்த கலப்புச் சொல். எவர் மொழியும் முழுமையாகச் சொந்தம் கொண்டாட முடியாத சொல். அதனாலேயே எல்லாருக்கும் பொது. சிங்கள வீரரும் தமிழ் வீரரும் துறைமுகத்து மாலுமியும் கேட்ட மாத்திரத்தில் மற்றப் பேச்சையெல்லாம் நிறுத்தவேண்டிய ஒரே ஒலி அது. அதன்பின் சொல்லவேண்டிய ஐந்து விபரங்களை, எங்கே, எந்த அணி, யார், என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன வேண்டும் என்பவற்றை, அவரவர் பணிமொழியிலே சொல்லட்டும்.

நம் நகரத்துக்கு வானொலித் தமிழ் புதிதன்று. கொழும்பு வானொலி 1925 டிசெம்பரிலே தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் கடல் கடந்து கேட்கப்பட்டது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்காகத் தமிழகத்து வீடுகளில் மக்கள் காத்திருந்தனர். லகர, ளகர, ழகர வேறுபாடு குன்றாமல், ஈற்றெழுத்தை விழுங்காமல் பேசுவது எப்படி என்பதை அந்நிலையம் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பயிற்சியை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தீயணைப்புப் படையின் அநுபவசாலிகள் இருவர், தமிழாசிரியர் இருவர், சிங்கள ஆசிரியர் ஒருவர், முன்னாள் அறிவிப்பாளர் ஒருவர் என ஒரு சிறு குழு கூடினால், ஐம்பது சொற்கள் கொண்ட மும்மொழிப் பட்டியல் ஒன்றை ஆக்குவது அரிய காரியமன்று. தமிழ்ச் சங்கத்து மண்டபத்தில் நாம் நடத்தும் கலைச்சொல் கருத்தரங்குகளிலே இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம்.

ஆனால் அப்பட்டியல் மண்டபத்திலேயே முடிவு செய்யப்படலாகாது. வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயத்திலோ கொட்டாஞ்சேனை விவேகானந்தாக் கல்லூரியிலோ மாணவரைக் கொண்டு அதனைச் சோதிக்கவேண்டும். ஒரு மாணவர் வாயைத் தடித்த துணியால் மூடிக்கொண்டு, காலி வீதியின் மாலை நேர இரைச்சல் கேட்கும் ஓரிடத்திலிருந்து, கைவானொலியில் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை மட்டும் சொல்லட்டும். மாடிப்படியின் மறுமுனையில் மூவர் தாம் கேட்டதை எழுதட்டும். அம்மூவரில் ஒருவராவது பிழையாக எழுதிய சொல், அது எத்துணை அழகிய தமிழாயினும், பட்டியலிலிருந்து நீக்கப்படவேண்டும். முதல் நாளிலேயே 'வேண்டாம்' போய்விடும் என்று நினைக்கிறேன். 'ஐம்பது' இரண்டாம் நாள் வரை நிற்கலாம்.